கேட்கும் பெட்டி

ஏரலில் பொழுது விடிகிற நேரம். தாமிரபரணிக்கு மேல் வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று கடைத்தெருப் பக்கம் முனகிக்கொண்டு போகிறது. தெருவுக்குள் ஒரு வீட்டில், ஆள் நடமாட்டமே இல்லாத பட்டாசாலையில், சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் கந்த சஷ்டி கவசம் தொடங்குகிறது. யாரும் சுவிட்சைத் தட்டவில்லை, வாய் திறந்து எதையும் கேட்கவும் இல்லை. மணி ஐந்தரை ஆகிவிட்டது, பாட்டு வந்துவிட்டது.

உள்ளறையில் படுத்திருக்கும் ஆச்சி கண்ணைத் திறக்காமலே கையைக் கூப்புகிறாள். எழுபத்தைந்தைத் தாண்டியவள். கண் அழுத்த நோய் பார்வையை ஓரங்களிலிருந்து சுருக்கிக்கொண்டே வந்து, இப்போது நேர் எதிரே உள்ளதை மட்டும் மங்கலாகக் காட்டுகிறது. நிறம் தெரியும், ஆள் தெரியும், கைபேசியின் எழுத்து தெரியாது. தொடுதிரையில் எங்கே தொடுவது, எதைத் தள்ளுவது என்பதெல்லாம் அவளுக்கு எட்டாத வேலை. முழங்கால் வலி வேறு. எழுந்து போய் ஒன்றைப் போடவும் அணைக்கவும் ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்து நடக்க வேண்டும்.

அந்த வீட்டுக்கு நான் அயலான் இல்லை. பேச்சில் கலந்துகொள்ளாமல் தார்சாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அளவுக்கு உரிமை உள்ளவன். அப்படி உட்கார்ந்திருந்து நான் பார்த்ததுதான் இது.

பட்டாசாலையின் மரத்தட்டில் ஆச்சியின் வெற்றிலைச் செல்லம் இருக்கிறது. உள்ளே ஆத்தூர் வெற்றிலை, ஈரத்துணியில் சுற்றியது. பக்கத்தில் பாக்குவெட்டி. அதற்கும் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாம்பல் நிறத் துணி போர்த்திய உருண்டையான எக்கோ ஸ்பீக்கர். அடியில் ஒரு வளையம். நீல வெளிச்சம் வந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறது. பச்சை சுழன்றால் யாரோ கூப்பிடுகிறார்கள். சிவப்பு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது. எழுத்துப் படிக்க முடியாத ஆச்சி இந்த மூன்று நிறங்களையும் கூடத்தின் அரை இருட்டில் தெளிவாகப் படிக்கிறாள்.

இந்த ஒழுங்கு முதல் நாளே வந்துவிடவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் ஆசையாக வாங்கி அனுப்பியது. வந்த புதிதில் டி.வி.க்கு மேலே வைத்தார்கள். டி.வி.யில் சீரியல் ஓடினால் பெட்டிக்கு ஆச்சி சொல்வது விழாது. பிறகு பீரோ மேல் போனது. அங்கே தலைக்கு மேல் மின்விசிறி. ஆச்சி கத்துவாள். அது ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். மறுபடி கத்துவாள்.

“என்னமோ சொல்லுதா. எனக்கு எங்க பிடிபடுது? கழட்டி வச்சிரு தாயி” என்று மருமகளிடம் சொல்லிவிட்டாள். வாங்கிக் கொடுத்த பல வீடுகளில் இந்தக் கருவியின் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. பெட்டிமேல் தூசி படிகிறது. வயசானவர்களுக்கு இதெல்லாம் வராது என்று ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த வீட்டில் கதை அப்படி முடிந்துவிடாததற்குக் காரணம், பொங்கல் விடுமுறைக்கு வந்த பேரன் கற்றுக்கொடுக்க உட்காரவில்லை, பார்க்க உட்கார்ந்தான். ஆச்சி எத்தனை மணிக்கு எழுகிறாள், எப்போது செய்தி கேட்கிறாள், மாத்திரையை எந்த வேளையில் மறக்கிறாள், எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள், எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்கிறாள் என்று மூன்று நாள் சும்மா கவனித்துக்கொண்டே இருந்தான். இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் படகில் கயிறு பிடித்து நின்றவன், தண்ணீருக்குள் இருப்பவன் கயிற்றை அசைக்கிற அசைவிலேயே அவனுக்கு என்ன வேண்டும் என்று அறிந்தான் என்பார்கள். பேரன் அந்த மூன்று நாளும் கயிறு பிடித்தவன் மாதிரி இருந்தான். அதன் பிறகுதான் கைபேசியை எடுத்தான்.

முதலில் இடத்தை மாற்றினான். ஆச்சி வெற்றிலை போட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, விசிறிக்கும் டி.வி.க்கும் ஒதுங்கி, மரத்தட்டு. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இந்தக் கருவிகள் பல திசையிலிருந்து வரும் ஒலியைச் சின்னச் சின்ன மைக்குகள் வழியாக வாங்கி, எது மனிதக் குரல், எது இரைச்சல் என்று பிரித்துத்தான் வேலை செய்கின்றன. 2014 நவம்பரில் அமெரிக்காவில் வந்த முதல் எக்கோவிலேயே ஏழு மைக்குகள் இருந்தன. சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலி, விசிறிக்குக் கீழே வைத்தால் காற்றிரைச்சல். பலருடைய “கேட்க மாட்டேங்குது” என்ற புகார் இடத்தை மாற்றினாலே தீர்ந்துபோகும்.

அடுத்து, கூப்பிடும் பெயரான ‘அலெக்சா’. ஆச்சி வாயில் அது ‘அலெச்சா’ என்றுதான் வந்தது. அந்தப் பெயருக்குப் பெட்டி திரும்பிப் பார்க்கவே இல்லை. கூப்பிடும் பெயரை மாற்ற முடியும் என்பது பலருக்குத் தெரியாது. பேரன் ‘எக்கோ’ என்று மாற்றினான். ஏரல் தெருவில் “எக்கா, எக்கா” என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே பழகிய நாக்கு அவளுடையது. முதல் முறையே வாய்த்தது. நீல வளையம் எரிந்ததும் அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் எதிரே இருந்து பார்த்தேன். “கேக்காடே! எம் பேச்சக் கேக்கா!” என்றாள்.

ஆனால் மொழி? அங்கேதான் உண்மையான தடை. 2017 அக்டோபரில் அலெக்சா இந்தியாவுக்கு ஆங்கிலத்தோடு வந்தது. 2019 செப்டம்பரில் இந்தி சேர்ந்தது. இடையில் 2018இல் ‘கிளியோ’ என்ற ஒரு வசதியை வைத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை மக்களிடமே பேசச் சொல்லிக் கேட்டுச் சேகரித்தார்கள். அப்படியும் அந்தப் பெட்டியின் மொழிப் பட்டியலில் தமிழ் உட்காரவில்லை. கூகுளின் வீட்டு ஸ்பீக்கரும் இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும் பேசியே வந்திருக்கிறது.

ஆங்கிலம் தெரியாத ஆச்சியை ஆங்கிலம் பேச வைப்பது என்ன நியாயம்? பேரன் வேறு வழி பிடித்தான். பேசவே தேவையில்லாதபடி எவ்வளவு வேலையை அமைக்க முடியுமோ அவ்வளவையும் அமைத்தான். கைபேசிச் செயலியில் ‘ரொட்டீன்’ என்று ஒரு பகுதி உண்டு. இத்தனை மணிக்கு இதைச் செய் என்று ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் தினமும் தானாக நடக்கும். ஐந்தரைக்குக் கவசம் அப்படி வந்ததுதான். பிறகு ஆகாசவாணியின் தமிழ் ஒலிபரப்பு. மாநிலச் செய்தி முடிவதற்குள் ஆச்சியின் கருப்பட்டிக் காப்பி முடிந்திருக்கும்.

மாத்திரைக்கும் அதே வழி. பெட்டிக்குள் நினைவூட்டல் வசதி இருக்கிறது. அது ஆங்கிலத்தில் எதையோ சொல்லும், ஆச்சிக்குப் புரியாது. அதனால் பேரன் பாட்டையே நினைவூட்டலாக வைத்தான். காலை எட்டு மணிக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாடிய முருகன் பாட்டு வந்தால் சர்க்கரை மாத்திரை. இரவு எட்டு மணிக்குச் சீர்காழி கோவிந்தராஜன் பாடினால் பிரஷர் மாத்திரை. பாட்டு வந்ததும் ஆச்சி கை நீட்டுவாள், மருமகள் தண்ணீரோடு வருவாள். ஒரு நாள் இரவு மருமகள் கடைக்குப் போயிருந்தாள். சீர்காழி குரல் எழும்பியது. ஆச்சி தானே தடவித் தடவி டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை விரலால் தொட்டுப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். “சீர்காழி வந்துட்டாவ, இனிமே சாக்குச் சொல்ல முடியுமா?” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். இந்தக் கருவியைப் பற்றி நான் படித்த எந்த விளம்பரத்திலும் இந்தப் பயன் எழுதப்பட்டிருக்கவில்லை.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற இடங்களுக்கு மட்டும் ஆச்சிக்குச் சில சொற்கள். அவை ஆங்கிலச் சொற்கள் என்று அவள் நினைக்கவும் இல்லை. கடைத்தெருவில் புழங்குகிற சொற்கள்தான். ‘ஸ்டாப்’, ‘டைம்’, ‘வால்யூம்’, ‘டைமர்’. அடுக்களையில் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டு மருமகள் மாவுக் கையோடு அங்கிருந்தே குரல் கொடுக்கிறாள்: “எக்கோ, டைமர் டென் மினிட்ஸ்.” சுவிட்சில் மாவு படவில்லை, கைபேசியைத் தேடவில்லை. உலகம் முழுக்க இந்தப் பெட்டிகளிடம் மக்கள் அதிகம் கேட்கிற வேலைகளில் பாட்டும் நேரமும் டைமரும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கை வேலையாக இருக்கும்போது வாய் சும்மா இருக்கிறது.

மகன் சென்னையில் கடை வைத்திருக்கிறார். அவர் கைபேசியில் அலெக்சா செயலி இருக்கிறது. மகனுடைய முழுப்பெயரை ஆச்சி சொன்னால் பெட்டி தடுமாறியது. தொடர்புப் பட்டியலில் அதே மாதிரிப் பெயர் இன்னும் இரண்டு இருந்தது. பேரன் அதை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயராக மாற்றினான். இப்போது ஆச்சி சொன்னவுடன் சென்னையில் மணி அடிக்கிறது. எதிர்த்திசையில், ஆச்சி எழுந்து வந்து எடுக்க வேண்டிய தேவையில்லாமல், மகனோ பேரனோ கூப்பிட்டால் பெட்டி ஓர் ஒலியெழுப்பித் தானே திறந்துகொள்ளும் வசதியும் உண்டு. அந்த வசதியை யாருக்குக் கொடுப்பது என்று பேரன் ஆச்சியிடம் கேட்டுத்தான் செய்தான்.

“நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போது சட்டுனு நாங்க உள்ள வந்துருவோம் ஆச்சி. சம்மதமா?”

“நீயும் ஒங்கப்பனும் வாங்க. வேற எவனும் வரக்கூடாது.”

இரண்டே பேருக்கு அனுமதி. கேட்டுச் செய்ததில்தான் மரியாதை இருக்கிறது. பெற்றவர்கள் வீட்டில் கேமராவும் மைக்கும் வைத்துவிட்டு அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாத பிள்ளைகள் பெருகிவரும் காலம் இது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி 108ஐ அழைக்காது. 112ஐயும் அழைக்காது. அவசர எண்களுக்கு இதை நம்பக்கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அதனால் அந்த வீட்டில் ஓர் ஏற்பாடு: ஆச்சிக்கு ஏதாவது என்றால் மகனைக் கூப்பிட வேண்டும். அவர் அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கும் ஆம்புலன்சுக்கும் பேசுவார். அந்தப் பக்கத்து வீட்டு எண் மகன் கைபேசியிலும் பேரன் கைபேசியிலும் முதலில் இருக்கிறது.

மதியம் தாண்டி, வெயில் தார்சா வரை இறங்குகிற நேரம். வாசலில் பக்கத்து வீட்டுக்காரியின் குரல்: “எக்கா, ரெண்டு வெங்காயம் தாருங்களேன்.” மரத்தட்டில் நீல வளையம் எரிகிறது. பெட்டி தன்னைத்தான் கூப்பிட்டதாக எண்ணிக்கொண்டது. ஆச்சிக்கு எளிதான பெயருக்கு வீடு கொடுக்கிற விலை இது.

அந்த நீல வெளிச்சத்தின் பொருளைப் புரிந்துகொள்வது நல்லது. கூப்பிடும் பெயர் காதில் விழும்வரை பெட்டி தனக்குள்ளேயே அந்தப் பெயரை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறது. பெயர் கிடைத்ததாக நினைத்த நொடியிலிருந்து பேசுவதெல்லாம் இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகிறது. அங்கே எழுத்தாகிறது, பொருள் தேடப்படுகிறது, பதில் திரும்புகிறது. தவறாக விழித்துக்கொண்டாலும் அதே பயணம்தான். வெங்காயம் கேட்ட குரலும் போயிருக்கும். குழந்தைகளின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்ததாக 2023இல் அமெரிக்க அரசு, இந்தப் பெட்டியைத் தயாரிக்கும் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது, அந்நிறுவனம் 2.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு இந்தியாவிலும் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். வீட்டுக்குள் செய்ய வேண்டியதை வீடுதான் செய்தாக வேண்டும்.

ஆச்சி செய்கிறாள். அன்று மாலை ஒரு வரன் விஷயமாகப் பேச உறவினர் இருவர் வந்தார்கள். செருப்பைக் கழற்றி அவர்கள் பட்டாசாலைக்குள் காலெடுத்து வைத்ததும் ஆச்சியின் கை மரத்தட்டை நோக்கி நீண்டது. செல்லத்தைத் தாண்டி, பெட்டியின் தலையில் இருக்கும் பொத்தான்களில் வழக்கமாக அழுத்துகிறதை விரலால் தேடி அழுத்தினாள். சிவப்பு வளையம். “இனிப் பேசுங்க” என்றாள். பெண்ணின் சம்பளம், பையனின் பழைய கடன், இரு குடும்பத்துக்கும் இடையே முன்பு நடந்த ஒரு மனத்தாங்கல் எல்லாம் அந்தச் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பேசி முடிந்தன. அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு மறுபடி அழுத்தினாள்.

பேரனும் தன் பங்கைச் செய்திருக்கிறான். பதிவுகள் மூன்று மாதத்தில் தானாக அழியும்படி அமைத்திருக்கிறான். குரலால் பொருள் வாங்கும் வசதியை நிறுத்தியிருக்கிறான். அழிவதற்கு முன் அந்தப் பதிவுகளை ஆச்சியின் சம்மதத்தோடு அவ்வப்போது கேட்கிறான். எந்தச் சொல்லில் பெட்டி தடுக்கி விழுகிறது, எதைத் திரும்பத் திரும்பக் கேட்டும் கிடைக்காமல் ஆச்சி விட்டுவிட்டாள் என்று அதில் தெரிகிறது. பெங்களூரில் இருந்தபடியே அதற்கு ஏற்ப ஒரு ரொட்டீனை மாற்றுகிறான், ஒரு பெயரைத் திருத்துகிறான். பொங்கலுக்கு வந்தபோது தொடங்கிய கவனிப்பு நின்றுபோகவில்லை.

இந்தப் பெட்டி முற்றிலும் ஊமையான நாட்களையும் ஏரல் பார்த்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைமீறி வந்தது. ஏரல் பாலம் துண்டிக்கப்பட்டது, கடைத்தெரு மூழ்கியது, மின்சாரம் போனது, கைபேசிக் கோபுரங்கள் அடங்கின. ஹெலிகாப்டரில் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். வெளியூரில் இருந்த பிள்ளைகள் அந்த நாட்களில் ஊரின் பெயரைச் செய்தியில் தேடித் தேடித் தவித்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் மச்சுக்கு ஏறினார்கள். அங்கே பேசியது ஒன்றுதான்: தாத்தா வைத்துவிட்டுப் போன, பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர்.

மின்சாரமும் இணையமும் இல்லாவிட்டால் ஸ்மார்ட் ஸ்பீக்கர் வெறும் பெட்டி. இது அதன் குறை என்று சொல்லித் தள்ளிவிடாமல், அதற்கேற்ப வீட்டை வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. இப்போது அங்கே இணைய மோடமும் ஸ்பீக்கரும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கின்றன. சாதாரண மின்வெட்டில் பாட்டு நிற்பதில்லை. வெள்ளத்துக்கு அந்த டிரான்சிஸ்டர். மழைக்காலம் தொடங்குமுன் ஆச்சி புது பேட்டரி வாங்கிவரச் சொல்கிறாள்.

அந்த டிரான்சிஸ்டருக்கு இந்த ஊரில் ஒரு வரலாறு உண்டு. தென்கடற்கரை முழுக்க ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத்தான் கேட்டது. பிறகு 1963இல் திருநெல்வேலியில் ஆகாசவாணி நிலையம் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ மாலையில் ஒலிபெருக்கி வழியே செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் சொன்னது. ஊர்ப் பொதுவிடத்தில் ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பெட்டி நம்முடைய மொழியில் பேசியது, ஆனால் நாம் சொல்வதை அதனால் கேட்க முடியாது. இன்றைய பெட்டி நாம் சொல்வதைக் கேட்கிறது, ஆனால் நம்முடைய மொழி அதற்குத் தெரியாது. ஆச்சி இரண்டு காலத்தையும் பார்த்தவள். கேட்கவும் செய்கிற, தமிழும் தெரிந்த பெட்டிக்காக அவள் இன்னும் காத்திருக்கிறாள்.

பள்ளிவிட்டு மகள் வழிப் பேத்தி வருகிறாள். நான்காம் வகுப்பு. அவள் கையில் அம்மாவின் கைபேசி. கைபேசியில் கூகுளின் உதவியாளர் 2019 முதலே தமிழ் அறியும். “நாளைக்கு ஏரல்ல மழை வருமா?” என்று பேத்தி கேட்க, அது தமிழிலேயே பதில் சொல்கிறது. அந்தக் கைபேசியைப் புளூடூத் வழியாக மரத்தட்டுப் பெட்டியோடு அவள் இணைத்துவிடுகிறாள். கேட்பது கைபேசி, பேசுவது பெட்டி. ஆச்சிக்குத் தெளிவாக விழுகிறது. இப்படிச் சேர்த்துக்கொண்டால் தமிழ் தெரியாத பெட்டியிலும் தமிழ் ஒலிக்கும்.

ஆச்சிக்கு ஆசை வந்துவிடுகிறது. கைபேசியை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்: “ஏட்டி, நாளைக்கி மழ கிழ வருமாட்டி? வத்தலு காயப்போடணும், அதுக்குத்தான் கேக்கேன்.”

கைபேசி வேறெதையோ சொல்கிறது. பேத்தி பாடப்புத்தகத் தமிழில் மறுபடி கேட்கிறாள். சரியான பதில் வருகிறது.

“ஆச்சி, நீங்க நான் சொன்ன மாதிரி சொல்லணும்.”

“ஏன், நான் சொன்னது தமிழ் இல்லையா?”

பேத்திக்குப் பதில் தெரியவில்லை. நானும் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஆச்சி சொன்னது தமிழ்தான். கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்து, கடல் விலகிப்போய் இன்று ஏரலுக்குப் பக்கத்தில் உள்நாட்டு ஊராகிவிட்டது. அந்தக் காலம் தொட்டு எத்தனையோ தலைமுறை இந்த ஆற்றங்கரையில் பேசிப் பேசி வந்த தமிழ் அது. இயந்திரத்துக்கு அது புரியாததற்குக் காரணம், அந்தத் தமிழை அது போதுமான அளவு கேட்டதில்லை. பேச்சை அறியும் இயந்திரம் எந்தக் குரல்களைக் கேட்டுக் கற்றதோ அந்தக் குரல்களைத்தான் அறியும். பட்டணத்து இளைஞர்கள் எழுதி வைத்ததைப் படித்துக் காட்டிய பதிவுகளில் மட்டும் அது வளர்ந்தால், ஏரல் ஆச்சியும் வேம்பார் மீனவரும் அதற்கு என்றும் அயலார்தான்.

இதை மாற்றும் வேலை நாட்டில் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ.4பாரத்’ குழு இந்தியாவின் 22 மொழிகளில் இயல்பான பேச்சைச் சேகரித்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் கூகுளோடு சேர்ந்து நடத்தும் ‘வாணி’ திட்டம் மாவட்டம் மாவட்டமாகக் குரல்களைப் பதிவு செய்கிறது. 2022இல் தொடங்கிய மத்திய அரசின் ‘பாஷினி’ திட்டத்தில் ‘பாஷாதான்’ என்ற பகுதியில் யார் வேண்டுமானாலும் தம் மொழியில் பேசிக் குரலை நன்கொடையாகத் தரலாம். மோசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்திலும் தமிழ் இருக்கிறது. அங்கேயும் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பதிவு செய்ததைக் கேட்டுச் சரிபார்த்தும் உதவலாம். நம் விருப்பத்தோடு, எதற்கு என்று தெரிந்து, நாமே கொடுக்கிற குரல் இது. கூடத்தில் நமக்குத் தெரியாமல் போகிற குரலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது.

இரவு எட்டு. சீர்காழி பாடத் தொடங்குகிறார். ஆச்சி கை நீட்டுகிறாள்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ ஆச்சிக்கோ தாத்தாவுக்கோ இப்படி ஒரு பெட்டியை வாங்கி அனுப்பியிருப்பீர்கள், அல்லது அனுப்ப நினைத்திருப்பீர்கள். அனுப்புங்கள். கூடவே நீங்களும் ஒரு முறை போங்கள். போனதும் சொல்லிக்கொடுக்கத் தொடங்காமல் சில நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர்கள் எழுகிற நேரம், மறக்கிற மாத்திரை, பிடித்த குரல், கூப்பிட வருகிற பெயர் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு அமைத்துக்கொடுங்கள். மைக்கை அணைக்கும் பொத்தானை அவர்கள் விரலுக்குப் பழக்கிவிட்டு வாருங்கள். பேட்டரி ரேடியோ ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

தூத்துக்குடிச் சீமைக்காரர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாஷாதானையோ காமன் வாய்ஸையோ திறந்து, வீட்டில் உள்ள பெரியவர்களிடம் எதற்கு என்று விளக்கி, அவர்கள் சம்மதத்தோடு அவர்களைப் பேச வையுங்கள். உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். அவர்கள் பேசுகிறபடியே பேசட்டும். ஆச்சி பேசுவதும் தமிழ்தான் என்று இயந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் நாம்.